கடலூர்–புதுச்சேரிச் சாலைகளுக்கு எந்த ஹெட்லைட் பல்பு பொருந்தும்?

ஆறேழு ஆண்டுகள் ஓடிய சிறிய கார் வைத்திருப்பவர்களிடம் இரவுப் பயணத்தைப் பற்றிக் கேட்டால், ஹெட்லைட் போதவில்லை என்பதுதான் முதலில் வரும் குறை. பண்ருட்டியிலிருந்து நெல்லிக்குப்பம் வழியாகக் கடலூருக்கு வருகிறவர்கள் இந்தக் குறையை மிகைப்படுத்துவதில்லை. அந்தச் சாலையில் பல இடங்களில் நடுத்திட்டு இல்லை. அரவைப் பருவத்தில் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிச் செல்லும் டிராக்டர் டிரெய்லர்கள் பின்விளக்கோ ஒளிரும் ஸ்டிக்கரோ இல்லாமல், சுமைக்கு வெளியே தோகை தொங்கிக்கொண்டு, சாலையின் நிறத்திலேயே நகர்ந்துகொண்டிருக்கும். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு கார் நொடிக்கு 22 மீட்டர் கடக்கிறது. பொருளைக் கண்டு பிரேக்கில் கால் வைக்க ஒன்றரை நொடி என்று கொண்டால் அதற்குள்ளேயே 33 மீட்டர் போய்விடும். உலர்ந்த சாலையில் முழு பிரேக் பிடித்து நிற்க இன்னும் ஏறத்தாழ 35 மீட்டர் வேண்டும். கருத்த பொருளொன்றை லோ பீம் (கீழ்நோக்கிச் சாய்ந்த ஒளி) ஐம்பது, அறுபது மீட்டருக்கு அப்பால் தெளிவாகக் காட்டுவது அரிது என்பதால், கணக்கு ஏற்கெனவே ஓட்டுநருக்கு எதிராகத்தான் இருக்கிறது.

இந்த இடைவெளியை நிரப்பத்தான் கடைகளில் பல வழிகள் விற்கப்படுகின்றன: 100/90 வாட் ஹாலோஜன், அதே வாட்டில் கூடுதல் ஒளி தருவதாகச் சொல்லும் உயர்ரக ஹாலோஜன், நீலப் பூச்சுப் பல்பு, எச்.ஐ.டி (வாயுவில் மின்வில் எரியும் விளக்கு) கிட், எல்.இ.டி பல்பு, ரிலே ஒயரிங் கிட். இவற்றுள் எது எந்தக் காருக்குப் பொருந்தும் என்பதே இக்கட்டுரையின் பொருள். எச்4 என்ற வகைப் பல்பும் ரிஃப்ளெக்டர் (ஒளியைத் திருப்பி வீசும் குழிந்த கண்ணாடி) வகை ஹெட்லைட்டும் உள்ள காரையே முதன்மையாக மனத்தில் கொண்டு எழுதுகிறேன். நம் ஊர்களில் ஓடும் சிறிய கார்களில் அதிகம் காணப்படுவது அந்த அமைப்புதான்; தவறான பல்பைப் பொருத்தினால் அதிகம் கெட்டுப்போவதும் அதுதான்.

எச்4 பல்புக்குள் இரண்டு ஃபிலமென்ட்கள் இருக்கின்றன. 12 வோல்ட்டில் ஹை பீமுக்கு 60 வாட், லோ பீமுக்கு 55 வாட். லோ பீம் ஃபிலமென்ட்டின் கீழே சிறிய உலோகக் கிண்ணம் ஒன்று உண்டு. ஃபிலமென்ட்டிலிருந்து கீழ்நோக்கிப் போகும் ஒளியை அது தடுத்துவிடுவதால் ரிஃப்ளெக்டரின் மேற்பாதி மட்டுமே ஒளியைப் பெற்றுச் சாலையின்மீது சாய்க்கிறது; எதிரே வருபவரின் கண்ணுக்கு நேராக ஒளி ஏறாமல் ஒரு கோட்டோடு நின்றுவிடுகிறது. நம் நாட்டில் இடப்பக்கம் ஓட்டுவதால் அந்தக் கோடு இடப்புறத்தில் மட்டும் சற்று மேலேறி, சாலையோரத்தில் நடப்பவரையும் மைல் கல்லையும் காட்டும். ஏறக்குறைய ஐந்து மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு கம்பிச்சுருள் துல்லியமாக எந்த இடத்தில் இருக்கும் என்பதைக் கணக்கிட்டே ரிஃப்ளெக்டரின் ஒவ்வொரு வளைவும் வடிவமைக்கப்படுகிறது. ஆகவே பல்பை மாற்றும்போது கேட்க வேண்டிய கேள்வி எவ்வளவு ஒளி என்பது மட்டுமன்று. அந்த ஒளி அதே இடத்திலிருந்து, அதே வடிவில் பிறக்கிறதா என்பதுதான் முதற்கேள்வி. பெட்டியின்மேல் அச்சிட்ட லூமென் (ஒளியின் அளவு) எண்ணைவிட இது முக்கியம் என்று நான் கருதுகிறேன். கீழே வரும் தேர்வுகள் அனைத்தும் இந்த அளவுகோலால்தான் எடைபோடப்படுகின்றன.

பல்பைப் பற்றிப் பேசுவதற்கு முன் இரண்டு காரியங்களைப் பார்த்துவிட வேண்டும். முதலாவது ஹெட்லைட்டின் முன்கண்ணாடி. அது கண்ணாடியே அன்று, பாலிகார்பனேட் பிளாஸ்டிக். புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பூச்சு ஒன்றைத் தொழிற்சாலையில் அதன்மேல் இடுகிறார்கள். வெயிலில் நிற்கும் காரில் ஆண்டுகள் செல்லச் செல்ல அந்தப் பூச்சு உதிர்ந்து, முகம் மஞ்சளித்துப் பால்போல் மங்கிவிடும். அமெரிக்க வாகன ஓட்டிகளின் கழகமான ஏ.ஏ.ஏ 2018இல் வெளியிட்ட சோதனையில், நன்றாக மங்கிய ஹெட்லைட்கள் புதியவை தரும் ஒளியில் ஐந்தில் ஒரு பங்கு அளவே தந்தன. அந்த நிலையில் உள்ள டூமுக்குள் (ஹெட்லைட் கூட்டுக்குள்) எந்தப் பல்பைப் போட்டாலும், வெளிவரும் ஒளி சிதறி எதிரே வருபவருக்குக் கூச்சத்தைத் தருமே தவிர, சாலைக்குப் போய்ச் சேராது. தண்ணீர்த்தாள் கொண்டு படிப்படியாகத் தேய்த்து, காம்பவுண்டால் மெருகேற்றி, இறுதியில் புற ஊதாத் தடுப்புப் பூச்சு இட்டால் பெரும்பகுதி திரும்பக் கிடைக்கும். கடைசிப் பூச்சைத் தவிர்த்துவிட்டு மெருகேற்றுவதோடு நிறுத்துபவர்கள் உண்டு. அப்படிச் செய்த விளக்குகள் விரைவிலேயே மறுபடி மஞ்சளிக்கும்.

இரண்டாவது, பல்பை வந்தடையும் மின்னழுத்தம். இதைத்தான் பெரும்பாலோர் பார்ப்பதில்லை. ஹாலோஜன் பல்பின் ஒளி, மின்னழுத்தத்தின் ஏறத்தாழ 3.4ஆம் அடுக்கு விகிதத்தில் மாறும். எளிமையாகச் சொன்னால் 13.5 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 12 வோல்ட் வந்தால், வோல்ட்டில் குறைவது ஒன்பதில் ஒரு பங்குதான். போனதோ மூன்றில் ஒரு பங்கு ஒளி. பழைய கார்கள் பலவற்றில் ஹெட்லைட்டின் முழு மின்னோட்டமும் ஸ்டியரிங் பக்கத்து சுவிட்ச் வரை போய்த் திரும்புகிறது. மெல்லிய ஒயர், தேய்ந்த சுவிட்ச் முனை, துருப்பிடித்த எர்த் எல்லாம் சேர்ந்து வோல்ட்டைத் தின்றுவிடுகின்றன. தேவனாம்பட்டினத்திலோ வீராம்பட்டினத்திலோ கடலையொட்டிய தெருவில் நிறுத்தும் காரின் எர்த் போல்ட்டைக் கழற்றிப் பார்த்தால் பச்சையும் வெள்ளையுமாக உப்புப் படிந்திருப்பதைக் காணலாம். சோதிக்க எளிய வழி உண்டு. என்ஜினை ஓடவிட்டு, லோ பீமைப் போட்டு, மல்ட்டிமீட்டரால் பேட்டரி முனைகளில் ஒருமுறையும், பல்பு மாட்டியிருக்கும்போதே கப்ளரின் (பல்பில் செருகும் ஒயர் இணைப்பானின்) பின்புறம் ஒருமுறையும் அளக்க வேண்டும். இரண்டுக்கும் அரை வோல்ட்டுக்குள் வேறுபாடு என்றால் ஒயரிங்கைக் குறை சொல்ல வழியில்லை. ஒன்று, ஒன்றரை வோல்ட் என்றால் பணத்தைச் செலவிட வேண்டிய இடம் பல்பு அன்று.

அப்படி இழப்பு இருக்கும் காருக்கு ரிலே ஒயரிங் கிட்தான் என் கணிப்பில் முதல் தேர்வு. பேட்டரியிலிருந்து தடித்த ஒயர் நேராகப் பல்புக்குப் போகிறது. பழைய கப்ளரின் மின்சாரம் ரிலேயை, அதாவது சிறிய மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தைத் திறந்து மூடும் சுவிட்சை, இயக்க மட்டும் பயன்படுகிறது. சாதாரண 60/55 வாட் பல்பே இதனால் தன் முழு ஒளியைத் தரும். ஒளி பிறக்கும் இடம் மாறாததால் எதிரே வருபவருக்கும் தொல்லை இல்லை. வாங்கும்போது ஃபியூஸ் பேட்டரிக்கு மிக அருகில் இருக்கிறதா, பல்பு ஹோல்டர் செராமிக்கா, ரிலேக்கள் நீர் புகாத வகையா என்று பார்ப்பது நல்லது. வடகிழக்குப் பருவமழையில் தண்ணீர் தேங்கும் தெருக்களைக் கடக்கும் காருக்குக் கடைசியாகச் சொன்னது ஆடம்பரம் அன்று. ஒயரை வெட்டாமல் கப்ளரோடு கப்ளர் மாட்டும் கிட் என்றால் பின்னர் கழற்றிவிடவும் முடியும். ஆனால் அண்மைக் காலக் கார்கள் பலவற்றில் தொழிற்சாலையிலேயே ரிலே இருக்கிறது. சிலவற்றில் உடற்பகுதி மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டியே விளக்கை இயக்குகிறது. அவற்றுக்கு இந்தக் கிட்டால் பயன் சொற்பம். எச்சரிக்கை விளக்கு எரியவும் கூடும்.

வழக்கமான பல்புக்கு மாற்றாக உயர்ரக ஹாலோஜனைக் கருதுபவர்கள், அட்டைப்பெட்டியில் உள்ள '130 சதவீதம் கூடுதல்' போன்ற வாசகங்களைச் சற்றுக் கவனித்துப் படிக்க வேண்டும். அந்தச் சதவீதம் மொத்த ஒளிக்கு உரியதன்று. சட்டம் கேட்கும் குறைந்தபட்ச அளவோடு ஒப்பிட்டு, சாலையின் முன்னே குறிப்பிட்ட சில இடங்களில் விழும் ஒளிக்கு உரியது. எச்4 பல்பின் மொத்த ஒளி லோ பீமில் ஏறத்தாழ 1000 லூமென், ஹை பீமில் 1650 லூமென் என்று பன்னாட்டு விதியே வரையறுத்திருப்பதால், சான்று பெற்ற எந்த எச்4 பல்பும் அதை இரண்டு மடங்காக்க முடியாது. ஃபிலமென்ட்டை இன்னும் மெல்லியதாகவும் நெருக்கமாகவும் சுற்றி, உள்ளே உள்ள வாயுவின் அழுத்தத்தைக் கூட்டி, ஒளியை ஒரு புள்ளிக்கு அருகில் குவிக்கிறார்கள். அதனால் தொலைவில் உண்மையாகவே சற்றுக் கூடுதலாகத் தெரியும். விலையாகக் கொடுப்பது ஆயுளை. சாதாரணப் பல்பு சில ஆண்டுகள் நீடிக்கும் காரில் இது ஓராண்டிலேயே போகலாம். நாள்தோறும் இரவில் புதுச்சேரியிலிருந்து கடலூர் திரும்பும் ஒருவருக்கு அடிக்கடி மாற்றும் செலவு சுமையாகும். மாதத்தில் ஓரிரு முறை மட்டும் இரவில் வெளியூர் போகும் குடும்பத்துக்கு அது பொருட்டன்று. ரிலே கிட்டால் வோல்ட்டைக் கூட்டியபின் இவ்வகைப் பல்பின் ஆயுள் மேலும் குறையும் என்பதால், இரண்டையும் ஒரே நேரத்தில் செய்ய நான் பரிந்துரைக்க மாட்டேன். முதலில் ரிலே, பிறகும் போதவில்லை என்றால் பல்பு.

வெள்ளை ஒளி வேண்டும் என்று நீலப் பூச்சுப் பல்பை வாங்குவோருக்கு ஒரு வரி போதும்: அந்தப் பூச்சு ஒளியைக் கூட்டுவதில்லை, மஞ்சள் பகுதியை வடிகட்டிக் குறைக்கிறது.

100/90 வாட் பல்பு நம் பகுதியில் நெடுங்காலமாகப் புழங்கும் மருந்து. விலை சில நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும், மாட்டுவதற்கு ஐந்து நிமிடம், வித்தியாசமும் உடனே தெரியும். அது தெரிவிக்காதது உள்ளே நடப்பதை. 55 வாட் பல்பு 12 வோல்ட்டில் ஏறக்குறைய 4.6 ஆம்பியர் இழுக்கும். 90 வாட் என்றால் 7.5 ஆம்பியர். கம்பியில் உண்டாகும் சூடு மின்னோட்டத்தின் இருமடிப் பெருக்கத்தில் கூடுவதால், அதே ஒயரில் சூடு இரண்டரை மடங்கைத் தாண்டுகிறது. இந்தப் பல்பைச் சில மாதங்கள் எரித்த காரின் கப்ளரைப் பிடுங்கிப் பார்த்தால், வெள்ளைப் பிளாஸ்டிக் பழுப்பேறி, மூன்று முனைகளில் ஒன்றைச் சுற்றி உருகிக் கறுத்து, பித்தளைத் தகடு நிறம் மாறித் தளர்ந்திருக்கும். தளர்ந்த தகட்டில் தடை கூடும், தடையால் சூடு கூடும், ஒருநாள் இரவில் ஒரு பக்கம் அணையும். ரிஃப்ளெக்டரின் பளபளப்பான பூச்சும் சூட்டால் மங்கிவிடும். அதன்பின் சாதாரணப் பல்புக்குத் திரும்பினாலும் பழைய ஒளி வராது. ரிலே கிட்டோடு மாட்டினால் ஒயர் தப்பிக்கலாம், ரிஃப்ளெக்டர் தப்பிக்காது. எதிரே வருபவருக்குக் கூச்சமும் அதே விகிதத்தில் ஏறும்.

எச்.ஐ.டி கிட்டைப் பற்றி நீளமாகச் சொல்லத் தேவையில்லை. அது ஃபிலமென்ட் அன்று; வாயுவுக்குள் எரியும் மின்வில். 35 வாட்டில் 3000 லூமென் அளவுக்கு ஒளி தரும் உயர்ந்த தொழில்நுட்பம்தான். ஆனால் அதற்கென வடிவமைத்த புரொஜெக்டரில் (லென்ஸ் வழியே ஒளியை வீசும் ஹெட்லைட்டில்) இருக்கும்போது மட்டுமே அது உயர்ந்தது. ஐரோப்பாவில் இவ்வளவு ஒளியுள்ள ஹெட்லைட்டுக்குத் தானியங்கி மட்டச் சீரமைப்பும் கண்ணாடியைக் கழுவும் அமைப்பும் கட்டாயம் என்று வைத்ததற்குக் காரணமே கூச்சம்தான். ஹாலோஜன் ரிஃப்ளெக்டருக்குள் அதைத் திணித்தால், எதிரில் பைக்கில் வருபவர் சில நொடிகள் கண் தெரியாமல் ஓட்டுவார். தொடக்கத்தில் இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேல் பாய்ச்சும் பல்லாஸ்ட் என்ற மின்பெட்டியை உப்புக்காற்றும் மழையும் உள்ள ஊரில் மலிவு விலைக்கு வாங்கி மாட்டுவதும் அறிவுடைமை ஆகாது.

இன்று அதிகம் விற்பது எல்.இ.டி பல்புதான், சிக்கலான தேர்வும் அதுதான். மின்சாரம் குறைவாக இழுக்கிறது, ஒயர் சூடாவதில்லை, நல்ல தயாரிப்பு என்றால் ஆயுளும் நீளம். ஆனால் ஃபிலமென்ட் தன்னைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஒளி விடும், எல்.இ.டி பல்பிலோ ஒரு தகட்டின் இரு பக்கங்களில் சில்லுகள் ஒட்டப்பட்டிருக்கின்றன. தகடு எவ்வளவு மெல்லியதோ, சில்லுகள் ஃபிலமென்ட்டின் இடத்துக்கு எவ்வளவு நெருக்கமோ, அவ்வளவுக்கு ஒளியின் வடிவம் சரியாக வரும். சந்தையில் உள்ளவற்றில் மிகச் சில மட்டுமே இதில் தேறுகின்றன. அவைகூட ஒரு காரின் ரிஃப்ளெக்டரில் சரியாகவும் மற்றொன்றில் தவறாகவும் விழும். ஜெர்மனியில் 2020இல் முதன்முறையாக எல்.இ.டி மாற்றுப் பல்புக்குச் சாலை அனுமதி கிடைத்தபோதும், எல்லாக் கார்களுக்கும் அது தரப்படவில்லை. எந்தெந்த மாடலில் சோதித்துச் சரியென்று கண்டார்களோ அந்தப் பட்டியலுக்கு மட்டுமே தரப்பட்டது.

இதை வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். இருட்டியபின் மதில் சுவரிலிருந்து எட்டு மீட்டர் தள்ளிச் சமதரையில் காரை நிறுத்தி, ஒரு பக்கம் பழைய ஹாலோஜனும் மறுபக்கம் எல்.இ.டியும் மாட்டி லோ பீமைப் போட வேண்டும். ஹாலோஜன் பக்கம் ஒரு கோடு தெளிவாகத் தெரியும். கோட்டுக்கு மேலே சுவர் இருண்டிருக்கும். பொருந்தாத எல்.இ.டி பக்கம் கோடு கலைந்து, மேலே வெள்ளைப் படலம் ஏறி, சுவர் உச்சியில் படர்ந்த மல்லிகைக் கொடியின் இலை வரை தெரியும். வீட்டுக்காரருக்கு அது பிரகாசமாகத் தோன்றும். ஆனால் அவ்வாறு மேலே போன ஒளி சாலைக்கு வர வேண்டிய ஒளி. எட்டு மீட்டர் என்பதும் கைக்கு வந்த எண் அன்று: மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989இன் 106ஆம் விதி, விளக்கிலிருந்து எட்டு மீட்டர் தொலைவில், வாகனத்தின் வலப்புற விளிம்பிலிருந்து அரை மீட்டர் தள்ளி, தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் உள்ள கண் கூசாதபடி ஒளி கீழ்நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும் என்கிறது.

வேறு சில குறைகளும் உண்டு. காரின் முன்னால் பத்துப் பதினைந்து மீட்டருக்குள் வெள்ளை ஒளி கொட்டிக் கிடந்தால் கண் அந்த வெளிச்சத்துக்குப் பழகிவிடும். அப்பால் உள்ள இருட்டு மேலும் இருளும். புதிதாக எல்.இ.டி மாட்டியவர் "பகல் மாதிரி இருக்கிறது" என்று மகிழ்வதும், அதே ஆள் மழையில் சாலை தெரியவில்லை என்று சலிப்பதும் பெரும்பாலும் இதனால்தான். 6000 கெல்வின் (ஒளியின் நிறத்தைக் குறிக்கும் அளவு; எண் கூடக் கூட நீலம் கூடும்) அளவிலான நீலச்சாயல் வெள்ளை, ஈரத் தாரில் பட்டு எதிரே வருபவரின் கண்ணுக்குத்தான் போய்ச் சேர்கிறது. பெட்டியில் '200 வாட், 20,000 லூமென்' என்று எழுதியிருந்தால் அதை அம்மீட்டரால் சரிபார்க்கலாம்: இரண்டு, மூன்று ஆம்பியர் மட்டும் இழுத்தால் அது 25 முதல் 40 வாட் பல்பு; ஒரு வாட்டுக்கு நூறு சொச்சம் லூமென் என்ற கணக்கில் பார்த்தால் அச்சிட்ட எண் வெறும் எண். பின்புறத்தில் விசிறி வைத்த பல்பு பல கார்களின் ரப்பர் மூடிக்குள் அடங்காது. மெக்கானிக் அந்த ரப்பரின் நடுவை பிளேடால் வெட்டி வழி செய்துவிடுவார். அடுத்த ஐப்பசி, கார்த்திகையில் டூமுக்குள் நீர்த்துளி கோக்கும். ஹாலோஜனின் சூடு அந்த ஈரத்தை உலர்த்திவிடும், எல்.இ.டிக்கு முன்பக்கச் சூடு மிகக் குறைவு.

இத்தனைக்குப் பிறகும் எல்.இ.டி சரியான தேர்வாகும் இடம் உண்டு. தொழிற்சாலையிலேயே எச்7 அல்லது எச்11 பல்போடு புரொஜெக்டர் லென்ஸ் உள்ள கார்களில், கோட்டை உண்டாக்குவது உள்ளே இருக்கும் தகடு என்பதால், பல்பு சற்றுத் தவறினாலும் மேலே சிதறுவது குறைவு. அங்கே நல்ல தயாரிப்பை, 4300 கெல்வினை ஒட்டிய நிறத்தில் தேர்ந்தெடுத்து, சுவர்ச் சோதனை செய்து வைத்துக்கொள்ளலாம். அதே மாடலின் உயர் வகையில் வரும் அசல் எல்.இ.டி ஹெட்லைட்டை முழுதாக வாங்கிப் பொருத்துவது அதைவிடச் சிறந்தது. விலைதான் தயங்க வைக்கும்.

சட்டத்தைப் பொறுத்தவரை, மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்களும் உற்பத்தியாளர் குறித்த அமைப்பும் மாறும்படி வாகனத்தைத் திருத்தக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவு, அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை என்று வைத்திருக்கிறது. அதே வாட்டில் சான்று பெற்ற ஹாலோஜனை மாற்றுவது இதில் சிக்காது. எச்.ஐ.டி, 100/90 இரண்டும் சிக்கும், எல்.இ.டியும் தமிழ்நாட்டு எல்லையிலோ புதுச்சேரி எல்லையிலோ சோதனையிடும் அதிகாரி நினைத்தால் சிக்கும். மின்கசிவால் தீப்பற்றினால் வெட்டி ஒட்டிய ஒயரிங்கைக் காட்டிக் காப்பீட்டு நிறுவனம் கேள்வி எழுப்பவும் இடமுண்டு. சாலைப் பாதுகாப்பு வாரத்தில் விளக்கின் நடுவே ஒட்டப்படும் கறுப்பு வட்டம் இதற்கெல்லாம் பரிகாரம் ஆகாது. இன்றைய ரிஃப்ளெக்டரில் அது கொஞ்சம் ஒளியை மறைக்கும், கோட்டைத் திருத்தாது.

மார்கழி, தை மாதப் பனிமூட்டத்துக்கு மஞ்சள் பல்பு கேட்பவர்கள் உண்டு. பிரான்சில் 1930களின் பிற்பகுதியிலிருந்து 1993 வரை கார்களுக்கு மஞ்சள் ஹெட்லைட்தான் விதி. மூடுபனித் துளிகள் ஒளியின் அலைநீளத்தைவிட மிகப் பெரியவை என்பதால் மஞ்சள் அவற்றை ஊடுருவும் என்பது சரியன்று. நீலம் குறைவதால் கண் கூச்சம் குறைகிறது, அவ்வளவே. அதற்கு ஹெட்லைட்டைத் தொட வேண்டாம்: தாழ்வாகப் பொருத்திய ஃபாக் லைட்டில் மஞ்சள் பல்பு போட்டு, லோ பீமோடு எரித்தால் போதும்.

ஆக, எச்4 ரிஃப்ளெக்டர் கார் வைத்திருப்பவர் கண்ணாடியை மெருகேற்றி, வோல்ட்டை அளந்து, தேவை என்றால் ரிலே கிட் மாட்டி, நம்பகமான நிறுவனத்தின் 60/55 வாட் பல்பை இரு பக்கமும் ஒன்றாக மாற்றுவதே நான் பரிந்துரைக்கும் வழி. பிரபல நிறுவனங்களின் பெயரில் போலிகள் புழங்குவதால், பல்பின் அடித்தகட்டில் வட்டத்துக்குள் 'ஈ' என்ற ஆங்கில எழுத்தும் ஓர் எண்ணும் பொறித்திருக்கிறதா என்று பார்த்து, பில்லோடு வாங்க வேண்டும். மாட்டும்போது கண்ணாடிக் குமிழை விரலால் தொடக் கூடாது. விரலின் எண்ணெய் பட்ட இடம் மிகையாகச் சூடேறிப் பல்பு முன்கூட்டியே போகும். மாற்றிய அன்றே மட்டத்தைச் சரிசெய்ய வேண்டும்: பல கார்களில் பத்து மீட்டரில் பத்து சென்டிமீட்டர் இறங்கும்படி கோடு நின்றால் சரி. ஸ்டியரிங் அருகே 0 முதல் 3 வரை எண்ணிட்ட சிறு சக்கரம் இருந்தால், பின்சீட்டில் மூவரும் டிக்கி நிறையச் சாமானுமாகத் திருப்பதிக்குப் புறப்படும் இரவில் அதை 2க்கோ 3க்கோ திருப்பி, ஊர் வந்து சாமானை இறக்கியபின் 0க்குக் கொண்டுவந்துவிட வேண்டும்.